அத்தியாயம் 14: அந்த முகம்

"இன்னொரு ஷூ எங்கே?" என்று கேட்டாள் வில்மா.

"எதுக்கு இன்னொண்ணு?" என்றார் சில்வானோ.

இடது காலில் கறுப்பு ஷூ. வலது காலில் வெறும் காலுறை. மற்றபடி குறை சொல்ல முடியாது. டை நேராக இருந்தது, சட்டையில் ஒரு பொத்தான்கூடத் தவறவில்லை, தலை படிய வாரியிருந்தது.

"ரெண்டு கால் இருக்கே, அதுக்குத்தான்."

"நான் கேட்டது அது இல்ல. எங்க போறோம்னு நீ இன்னும் சொல்லல."

"நாலு தடவை சொல்லியாச்சு."

"அப்ப அஞ்சாவது தடவை சொல்றதுல என்ன கஷ்டம்?"

மூன்று நாளாக யூகோ அடித்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வரும் அந்த ஈரக் காற்று வீசினால் துணி காயாது, ரொட்டி நமுத்துப்போகும், ரியெக்கா நகரத்தில் புருஷன் பெண்டாட்டி எல்லோருக்குள்ளும் ஒரு சண்டை தயாராக இருக்கும். இந்த வீட்டுக்குக் காற்றின் உதவி தேவைப்படவில்லை.

போன புதன்கிழமை ரொட்டிப் பெட்டிக்குள் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி கிடைத்ததையும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வில்மா போட்ட சத்தத்தையும் எதிர்வீட்டு நாய்கூட மறந்திருக்காது. மறந்தவர் ஒருவர்தான்.

சில்வானோவுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருஷம் செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்தியவர். ஊரில் அச்சாகும் எந்தக் காற்புள்ளியும் அவரைத் தாண்டிப் போனதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அவருக்கு டிமென்ஷியா என்று சொன்னார். அந்த டாக்டரின் கடிதத்திலேயே மூன்று எழுத்துப்பிழைகளை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அந்தக் கருவி பல்கலைக்கழகத்திலிருந்து வரும் யாகொதா என்றொரு இளம்பெண்ணுடையது. மறதி நோயோடு வாழ்கிறவர்கள் அதைத் தங்கள் சொந்த வாயால் எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதில் சேரச் சம்மதம் என்று சில்வானோ மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். வில்மா டிரைவிங் ஸ்கூலில் யாரோ ஒரு பையனுக்கு மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே சமையலறையில் பேட்டி நடந்திருக்கிறது. எட்டு புதன்கிழமைகள்.

யாகொதாவைப் பார்த்தாலே வில்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவி என்ற சொல் வாய்க்கு வராமல் சில்வானோ ஒருநாள் 'கதவோட விரல்' என்று சொன்னாராம். எவ்வளவு அழகான சொல் என்று அந்தப் பெண் கண்கள் மின்ன எழுதிக்கொண்டாளாம். அந்த விரலைத் தேடி நாற்பது நிமிஷம் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தது யார்? வில்மா. வாஷிங் மெஷினுக்குள் கிடந்தது.

இன்று பேட்டி இல்லை. நூலக மாடியில் ஒரு கூட்டம். புதிதாக இந்த நோய் தெரியவந்த குடும்பங்களுக்குக் கொடுக்க ஒரு கையேடு தயாராகிறது. அதில் எந்தச் சொல் இருக்கலாம், எந்தச் சொல் கூடாது என்று நோயோடு வாழ்கிறவர்களே உட்கார்ந்து முடிவுசெய்யப் போகிறார்கள். உண்மையில் வில்மாவுக்குப் போக இஷ்டமில்லை. தலைவலி என்று சொல்லிவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. சில்வானோவின் அக்கா ஒந்தினா ஒரு பெரிய பாத்திரத்தோடு நின்றாள். பீன்ஸும் சோளமும் போட்ட மனேஷ்ட்ரா சூப், மூடியைத் தாண்டி மணத்தது.

"அவனுக்குச் சாப்பிட ஏதாவது குடுத்தியா?" உள்ளே வரும்போதே கேட்டாள்.

"அவன் இங்கதான் நிக்கறான்," என்றார் சில்வானோ.

ஒந்தினா காதில் வாங்கவில்லை. அறுபத்தேழு வயது, கணவன் இறந்து ஆறு வருஷம், வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவள். யாரையும் முழு வாக்கியம் பேசவிட்டுப் பழக்கமில்லை.

"இன்னிக்கு நீங்க அங்க போகக் கூடாது, வில்மா. ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? மீன் மார்க்கெட்ல ஒருத்தி என்னை நிறுத்திக் கேக்கறா, உங்க தம்பி ஏதோ புத்தகத்துல வரப்போறாராமேன்னு. கையில மத்தி மீனோட நிக்கறேன். என்ன பதில் சொல்றது?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க. வேற பேருதான்."

"பேரு எதுக்கு? பேச்சை வச்சே கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் அந்தக் குடும்பத்துலயே இந்த நோய் இருக்கும்பாங்க. எங்கப்பாவைப் பத்தித் தோண்டுவாங்க. இது வீட்டு விஷயம். வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

"வீட்டுக்குள்ள இருக்கட்டும்னு சொல்றீங்களே, உங்க வீட்லயா இருக்கு?"

வில்மாவுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. தலைவலி என்று சொல்லி முடிக்க இருந்தவள்தான். ஆனால் நாத்தனார் வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியில், அந்தக் கூட்டத்துக்குப் போகாவிட்டால் உயிரே போய்விடும் போலத் தோன்றியது.

"போறோம். பத்து மணிக்கு."

"அப்ப நானும் வர்றேன். என் வண்டியிலயே போலாம். அங்க என்ன கூத்து நடக்குதுன்னு நானே பாக்கறேன்."

டிரைவிங் ஸ்கூல் வண்டி விடுப்பு நாளில் கிடைக்காது. பஸ் என்றால் மேட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்கவேண்டும். வில்மா ஒத்துக்கொண்டாள்.

வலது கால் ஷூ கடைசியில் புத்தக அலமாரியில், அகராதிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. "அங்கதான் வச்சேன்," என்றார் சில்வானோ, இவ்வளவு நேரம் யாரும் தன்னைக் கேட்கவில்லை என்பதுபோல.

*

நூலக மாடியில் நீள மேசை. மேசையைச் சுற்றி நான்கு பேர், நால்வருக்கும் மறதி நோய். சுவரோரம் நாற்காலிகளில் துணைக்கு வந்தவர்கள். யாகொதா விதியைச் சொன்னாள்.

"மேசையில இருக்கறவங்க பேசுவாங்க. பின்னாடி இருக்கறவங்க தயவுசெஞ்சு ஒரு மணி நேரம் கேட்டா மட்டும் போதும். வார்த்தை வரலைன்னா நாம எடுத்துக் குடுக்க வேண்டாம். அவங்களே தேடட்டும்."

கேட்டால் மட்டும் போதுமாம். வில்மா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ஒந்தினா, கோட்டைக்கூடக் கழற்றாமல்.

யாகொதா கையேட்டின் முதல் வரியைப் படித்தாள். "'டிமென்ஷியா நோயாளி படிப்படியாகத் தன்னையே இழக்கிறார்.'"

"யார் எழுதினது?" என்று கேட்டார் சில்வானோ.

"பழைய கையேட்டுல இருந்தது. ஒரு டாக்டர் எழுதினது."

"அவரு இழந்து பார்த்திருக்காரா?"

மேசையில் சிரிப்பு கிளம்பியது. யோல்கா என்ற அம்மாள், நாற்பது வருஷம் பெண்களுக்கு முடி வெட்டியவள், கையைத் தூக்கினாள். "நான் என்னை இழக்கல. பர்ஸை இழந்தேன். ரெண்டு குடை. ஒரு மருமகப்பிள்ளை. அவன் தானாப் போனான், அதைக் கணக்குல சேர்க்காதீங்க."

சில்வானோ சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தார். வேலைக்குப் போன காலத்தில் இருந்த அதே நேர்கோடு. வில்மா அதைப் பார்த்தாள். வீட்டில் மாத்திரை டப்பாவைத் திறக்கத் திணறும் கை அது.

'பாரம்' என்ற சொல் போனது. 'மழலை நிலைக்குத் திரும்புதல்' போனது. அதற்கு யோல்கா சொன்ன விமர்சனத்தை யாகொதா எழுதிக்கொள்ளவில்லை. 'நோயாளி' என்ற சொல்லுக்குப் பத்து நிமிஷம் சண்டை. ஒருவர் வேண்டும் என்றார், இன்னொருவர் வேண்டாம் என்றார், மூன்றாமவர் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டார். யாரும் சலித்துக்கொள்ளாமல் அவருக்குத் திரும்பச் சொன்னார்கள். வில்மாவுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒரு மணி நேரம் பொறுமையாக இருக்க யாருக்குத்தான் தெரியாது? வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் என்று இந்த மேசைக்குத் தெரியுமா?

அடுத்த பக்கம், வீட்டில் இருப்பவர்களுக்கான யோசனைகள். யாகொதா படித்தாள். "'நினைவைத் தூண்டும் கேள்விகளை அடிக்கடி கேளுங்கள்.'"

சில்வானோ நிமிர்ந்தார். "அதை எடுத்துடுங்க."

"ஏன்னு சொல்ல முடியுமா?"

"எங்க வீட்ல தினமும் அது நடக்குது. அந்த... பள்ளிக்கூடத்துல வருஷக் கடைசியில வைப்பாங்களே. உக்கார வச்சு. அதுக்குப் பேரு..."

அவர் விரல்கள் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. அறை முழுவதும் காத்திருந்தது. மூன்று நொடி. ஐந்து. வில்மாவால் தாங்க முடியவில்லை.

"பரீட்சை," என்றாள் பின்னாலிருந்து.

யாகொதா லேசாகக் கையைத் தூக்கினாள். சில்வானோ திரும்பிப் பார்க்கவில்லை.

"பரீட்சை. அதேதான். நன்றி," என்றார். "கண்ணைத் திறந்ததும் ஆரம்பிச்சிடும். இன்னிக்கு என்ன கிழமை? மாத்திரை போட்டியா? நேத்து யாரு வந்தா? போன்ல என்ன சொன்னாங்க? தெரிஞ்சா மார்க் கிடையாது. தெரியலைன்னா அந்த முகம்."

"எந்த முகம்?" என்று கேட்டாள் யாகொதா.

"அந்த முகம்தான். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சதும் மறந்துடுது."

வில்மாவின் காது மடல்கள் கொதித்தன. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தவளே அவள்தானே. கேட்டால் மட்டும் போதும் என்று இருந்திருக்கலாம். அவள் எழுந்து நின்றாள். கைப்பை மடியிலிருந்து விழுந்தது.

"எனக்கும் ஒரு நிமிஷம் குடுங்க. விதி கிதியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"வில்மா, உங்க பேச்சுக்குத் தனியா ஒரு நாள்..." என்று ஆரம்பித்தாள் யாகொதா.

"தனியா ஒரு நாள் எனக்கு எங்கே இருக்கு? நவம்பர்ல வேலை முடிஞ்சு வந்தேன். அடுப்பு எரியுது. மேல பாத்திரம் இல்ல. பக்கத்துல துடைக்கற துணி ஓரத்துல கருகியிருக்கு. இவர் ரேடியோ கேட்டுக்கிட்டிருக்கார். அன்னியிலிருந்து கேக்கறேன், கேஸை அணைச்சியா, கதவைப் பூட்டினியான்னு. நான் கேக்கலைன்னா யாரு கேப்பா? நீ கேப்பியா? புதன்கிழமை புதன்கிழமை வந்தா?"

அவள் கணவரின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"முப்பத்து நாலு வருஷமா பாக்கற முகம். அது கோவம்னா நினைச்சே? பயந்தா என் முகம் அப்படித்தான் இருக்கும், சில்வானோ. உனக்கு அதுகூடத் தெரியாதா?"

இப்போது அவர் திரும்பினார். நாற்காலியை முழுக்கத் திருப்பிக்கொண்டு, அச்சடித்த தாளைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரியல," என்றார். "சொன்னாத்தானே தெரியும்."

"எப்படிச் சொல்றது?"

"பயமா இருக்குன்னு சொல்லு. கேஸை நினைச்சா பயமா இருக்குன்னு சொல்லு. கேள்வியா கேக்காதே. கேள்வின்னா நான் பதிலைத் தேடணும். பயம்னா எழுந்துபோய் அடுப்பைப் பாத்துட்டு வந்துடுவேன்."

யாகொதாவின் பேனா வேகமாக ஓடியது. சில்வானோ மேசைப் பக்கம் திரும்பி அவள் எழுதியதை எட்டிப் பார்த்தார். "அந்த இடத்துல காற்புள்ளி வேண்டாம்," என்றார்.

வில்மா உட்கார்ந்தாள். யாரோ கைப்பையை எடுத்துக் கொடுத்தார்கள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது எரிச்சல்தான். கையேட்டில் ஒரு வரி நன்றாக அமைந்துவிட்டது. அந்த வரி வந்து கேஸை அணைக்குமா? நாளைக் காலை இவருக்கு இந்த அறையே நினைவிருக்காது. பயமாக இருக்கிறது என்று தினமும் நாற்பது தடவை சொல்லிப் பழகவேண்டியது யார்? மறுபடியும் அவள்தான்.

ஆனாலும் அவர் 'எழுந்துபோய்ப் பார்ப்பேன்' என்றார். அதைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

அப்போதுதான் கவனித்தாள். இவ்வளவு நடந்தும் ஒந்தினா ஒரு வார்த்தை பேசவில்லை.

*

கூட்டம் முடிந்து சில்வானோவோடு பாதிப் படி இறங்கியபின் அவருடைய மஃப்ளர் நினைவுக்கு வந்தது. அவரை யோல்காவோடு கீழே நிற்கவைத்துவிட்டு வில்மா மேலே ஓடினாள்.

அறையில் ஒந்தினா மட்டும் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். எதிரே யாகொதா. மேசைமேல் ஒரு படிவம். தலைப்பு பெரிய எழுத்தில் இருந்தது: ஆராய்ச்சியில் பங்குபெறுவோர் சம்மதம். சில்வானோ கையெழுத்துப் போட்ட அதே படிவம்.

ஒந்தினா உள்ளங்கையால் தாளை மூடினாள். யாகொதா சத்தமில்லாமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

"மஃப்ளர் அங்க, ஜன்னல் பக்கம்," என்றாள் ஒந்தினா.

"இது என்ன?"

"படிக்கத் தெரியாதா உனக்கு?"

"ஒந்தினா."

நாத்தனார் கோட்டுப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள். "பிப்ரவரியிலயே டாக்டர் எனக்கும் சொல்லிட்டார். ஆரம்பம்தானாம். வர்ற திங்கக்கிழமை தலையைப் படம் எடுக்கணும். சில்வானோ பாத்த அதே டாக்டர்தான். அதே பச்சை நாற்காலி."

"ரெண்டு மாசம் ஆச்சு. ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ ஏற்கெனவே இவனோட மல்லுக்கு நிக்கறே. நானும் வந்து வரிசையில நின்னா என்ன பண்ணுவே? எனக்கு யாரு இருக்கா, உங்க ரெண்டு பேரைத் தவிர?"

வில்மாவின் மனதில் முதலில் வந்த வார்த்தை 'இன்னொண்ணா' என்பதுதான். வெட்கமாக இருந்தது. ஆனால் அதுதான் வந்தது. கையில் மஃப்ளரைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் அவளுக்குத் தெரியாமல்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

"காலைல வந்து போகக் கூடாதுன்னு அந்தக் குதி குதிச்சீங்களே."

"அவன் பேசினா அடுத்தது நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு பயந்தேன். வந்து உக்காந்து கேட்டேன். அந்த முடி வெட்டற அம்மாவைப் பாத்தேன்." ஒந்தினா படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "அவகூட மேசையில உக்காரலாம்னு தோணிச்சு. சுவரோரம் உக்காந்தா மூச்சு முட்டுது."

அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று வில்மாவுக்குத் தோன்றியது. அதைச் செய்வதற்குள் இன்னொரு விஷயம் உறைத்தது. காலையில் குறுகலான வளைவுகளில், லாரிகளுக்கு நடுவே, மூன்று பேரையும் இங்கே ஓட்டிக்கொண்டு வந்தது யார்?

"சாவியைக் குடுங்க. நான் ஓட்டறேன்."

"மாட்டேன்."

"ஒந்தினா, எனக்கு..."

"டாக்டர்கிட்ட கேட்டேன். இப்போதைக்கு ஓட்டலாம்னு எழுதிக் குடுத்திருக்கார். வேண்டாம்னு அவர் சொல்ற அன்னிக்கு நானே சாவியை உன் கையில வைக்கறேன். அதுக்கு முன்னால யாரும் பிடுங்க வேண்டாம். சில்வானோகிட்ட எப்படிப் பிடுங்கினேன்னு ஞாபகம் இருக்கா? நான்தான் பிடுங்கினேன். சமையல் பண்ணிக்கிட்டிருந்தான், பின்னாலிருந்து பாக்கெட்ல கைவிட்டு எடுத்தேன். நீ பக்கத்துல நின்னே. ரெண்டு பேரும் நல்லது பண்ணினோம்னு நினைச்சோம்."

வில்மாவுக்கு நினைவிருந்தது. அன்று அவர் வாணலியைக் கிளறுவதை நிறுத்தவே இல்லை.

கீழே மழை தூற ஆரம்பித்திருந்தது. யோல்கா சில்வானோவுக்குத் தன் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுடையதுதானா என்று யாரும் கேட்கவில்லை. ஒந்தினா வண்டியைத் திறந்தாள். சில்வானோ முன் இருக்கையில் ஏறப்போனார்.

"நீ பின்னாடி உக்காரு," என்றாள் வில்மா.

"ஏன்?"

"பயமா இருக்கு," என்றாள்.

அவர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஒந்தினா கண்ணாடியைச் சரிசெய்து, இண்டிகேட்டர் போட்டு, சுத்தமாக வண்டியை வெளியே எடுத்தாள். துறைமுகச் சாலையில் பஸ்களுக்கு வழிவிட்டாள். பாதசாரிக் கோட்டில் நின்றாள். தேர்வுக்கு வந்த பெண் இப்படி ஓட்டினால் வில்மா உடனே தேர்ச்சி போட்டிருப்பாள். பின்னால் சில்வானோ கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். ஒன்றில் எழுத்துப்பிழை என்றார்.

பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. நின்றார்கள். மழை கண்ணாடியில் வழிந்தது.

விளக்கு பச்சையானது.

வண்டி நகரவில்லை. ஒந்தினாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன, கண்கள் நேராகப் பார்த்தன. பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. இன்னொன்று. வில்மாவின் நாக்கு நுனிக்கு வந்த வார்த்தையை அவள் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"பச்சைதானே?" என்று கேட்டாள் ஒந்தினா.

"பச்சைதான்."

வண்டி கிளம்பியது. பாலத்தின் பாதியில் ஒந்தினா சொன்னாள்: "எனக்குத் தெரியும். நீ வாயைத் திறக்கறியான்னு பாத்தேன்."

வில்மா அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது உண்மையா என்று அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.